அக்டோபர் மாத நாரை

"பாஸ், இந்த வீட்டுக்கு வாசலே இல்ல!"

ஸ்னெஜா காரிலிருந்து இறங்கியதும் இறங்காததுமாகக் கத்தினாள். வெல்செவ் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

அவள் சொன்னது சரி. தெருவைப் பார்த்த பக்கத்தில், கதவு இருக்க வேண்டிய இடத்தில் வெறும் சுவர். மற்ற சுவரெல்லாம் பழுப்பேறிக் கிடக்க, கதவளவுக்கு ஒரு செவ்வகம் மட்டும் வெள்ளை வெளேரென்று இருந்தது. பின்பக்கம் போனால், சமையலறை ஜன்னல் இருந்த இடத்தை இடித்து அகலப்படுத்தி ஒரு கண்ணாடிக் கதவு போட்டிருந்தார்கள். அதன் மேலே பலகை: 'அறைகள் வாடகைக்கு. போயானிடம் கேட்கவும்.'

வெல்செவ் கையிலிருந்த கோப்பைத் திறந்து ஒரு வரியை உரக்கப் படித்தார்.

"'நோயாளி தன் வீட்டு வாசல் காணாமல் போய்விட்டதாகவும், இப்போது எல்லோரும் ஜன்னல் வழியாக உள்ளே போவதாகவும் உறுதியாக நம்புகிறார்.'"

"நானும் உறுதியா நம்பறேன். என்னையும் அந்த விடுதியில சேத்துடுவாங்களா?"

"உன்னைச் சேர்க்க இவ்வளவு ஆதாரம் தேவைப்படாது."

ராதோஸ்தின் வெல்செவ் இருபத்திரண்டு வருடம் நீதிமன்ற அழைப்பாணைகளை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தவர். கதவைத் திறக்காமலே ஒளிந்துகொள்ளும் மனிதர்களைக் கண்டுபிடித்துக் கண்டுபிடித்து, கடைசியில் அதையே தொழிலாக்கிக்கொண்டார். இப்போது வக்கீல் இலியேவாவுக்காகத் துப்பறிகிறார். ஸ்னெஜா அவருடைய காரை ஓட்டுவாள், போட்டோ எடுப்பாள், மீதி நேரமெல்லாம் பேசுவாள்.

அன்று செவ்வாய்க்கிழமை. நவம்பர் மாதக் குளிர். துப்ராவா ஊர் நீதிமன்றத்தில் மதியம் இரண்டு மணிக்கு விசாரணை. ஜிவ்கா என்ற பெண்மணி, வயது அறுபத்தாறு. மூன்று வருடத்துக்கு முன்பு கணவன் இறந்த துக்கத்தில் சாப்பிடாமல், பேசாமல் கிடந்தார். அந்தச் சமயம் பார்த்து அண்ணன் மகன் போயான் நீதிமன்றத்துக்குப் போனான். 'அத்தைக்குப் புத்தி பேதலித்துவிட்டது, தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ள முடியாது' என்றான். நீதிமன்றம் அவனையே காப்பாளராக நியமித்தது. அன்று முதல் ஜிவ்காவின் கையெழுத்துக்கு மதிப்பில்லை. போயான் அவரை ஊருக்கு வெளியே மனநோயாளிகளுக்கான ஒரு விடுதியில் சேர்த்தான். இப்போது வீட்டை விற்க அனுமதி கேட்கிறான். அத்தையை மலைக்கு அந்தப்பக்கம் இருக்கும் வேறொரு விடுதிக்கு மாற்றவும் கேட்கிறான்.

"அங்க போயிட்டா அவ்வளவுதான்," என்று இலியேவா சொல்லியிருந்தாள். "பஸ்கூடக் கிடையாது. சட்டம் ரெண்டு கேள்விதான் கேக்குது. நோய் இருக்கா? அந்த நோயால தன் காரியத்தைப் பாத்துக்க முடியாம போச்சா? ரெண்டுக்கும் ஆமான்னா காப்பாளர் தொடருவார். கோர்ட் அனுப்பின மனநல நிபுணர் ரெண்டுக்கும் ஆமான்னு எழுதிட்டார். காரணம் மூணு பொய்யான நம்பிக்கைகள். அந்த மூணையும் உடைச்சுக் குடுங்க."

முதலாவது உடைந்துவிட்டது. ஸ்னெஜா சுவரைப் போட்டோ எடுத்தாள்.

"ரெண்டாவது என்ன பாஸ்?"

"'நோயாளி விடுதியில் படுத்திருக்கும்போதே, தன் குரல் மட்டும் தினமும் காலையில் ரயில் நிலையத்தில் பேசுவதாக நம்புகிறார்.'"

"ஐயோ பாவம்," என்றாள் ஸ்னெஜா. இந்த முறை கிண்டல் இல்லை.

ரயில் நிலையத்தில் ஒரு நாயும், சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்த நிலைய அலுவலரும் மட்டும் இருந்தார்கள். வெல்செவ் வாயைத் திறக்கும் முன்பே கூரையிலிருந்த ஒலிபெருக்கி கரகரத்தது. கண்டிப்பான, ஆனால் இதமான ஒரு பெண் குரல் வந்தது. 'சோபியா செல்லும் பயணிகள் ரயில் முதலாம் நடைமேடைக்கு வருகிறது. தண்டவாளத்தை விட்டு விலகி நிற்கவும்.'

"யாருங்க இது பேசறது?" என்று கேட்டார் வெல்செவ்.

"நம்ம ஜிவ்கா," என்றார் அலுவலர், விதைத் தோலைத் துப்பிவிட்டு. "முப்பது வருஷம் இங்கதான் வேலை பாத்தாங்க. ஓய்வு பெறும்போது எல்லா அறிவிப்பையும் பேசிப் பதிவு பண்ணிட்டுப் போனாங்க. அதைத்தான் இன்னும் போடறோம். ஊருக்கே தெரியுமே!"

"டாக்டர் யாராவது வந்து விசாரிச்சாங்களா?"

"எந்த டாக்டர்? இங்க ரயிலே ஒழுங்கா வர்றதில்ல." வெல்செவ் கேட்டதும், சொன்னதையெல்லாம் ஒரு காகிதத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.

ஸ்னெஜா சிரித்த சிரிப்பில் நாய் எழுந்து போய்விட்டது. "பாஸ், ரெண்டு காலி! அந்த நிபுணர் ஒரு போன் பண்ணியிருந்தாலே போதும். பொய்யான நம்பிக்கைன்னு எழுதறதுக்கு முன்னாடி அது பொய்தானான்னு பாக்க வேணாமா?"

"அதுதான் விஷயம்," என்றார் வெல்செவ். ஆனால் அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை. மூன்றாவது வரியை அவர் நேற்றே படித்துவிட்டார்.

'தன் கடிதங்களை ஒரு நாரை வந்து கொத்திக்கொண்டு போவதாக நோயாளி நம்புகிறார்.'

கடிதம் வந்தது உண்மை. அக்டோபர் பத்தாம் தேதி, தபால் தலை இல்லாமல், இலியேவாவின் அலுவலகப் பெட்டியில் கிடந்தது. 'எனக்குப் பைத்தியம் இல்லை. யாராவது வந்து சோதித்துப் பாருங்கள். ஜிவ்கா.' நான்காக மடித்த காகிதம், இஸ்திரி போட்டதுபோல் தட்டையாக இருந்தது. காப்பாளரை நீக்கச் சொல்லி இலியேவா உடனே வழக்குப் போட்டாள். ஆனால் விடுதியிலிருந்து கடிதம் எப்படி வெளியே வந்தது என்பது யாருக்கும் தெரியவில்லை.

"நாரை எல்லாம் ஆகஸ்டு கடைசியிலேயே ஆப்பிரிக்காவுக்குப் போயிடும்," என்றார் வெல்செவ். "அக்டோபர்ல ஒரு குஞ்சுகூட இருக்காது."

ஸ்னெஜா ஸ்டீரிங்கை ஓங்கித் தட்டினாள். "ஷ்தர்கெலோவ்! விடுதிக்கு ரொட்டி வண்டி ஓட்டற ஆளு! 'ஷ்தர்கெல்'னா நாரைதானே, பேர்லயே நாரை இருக்கு பாஸ். அத்தை ஆளோட பேரைச் சொல்லியிருக்காங்க, இவங்க பறவைன்னு எழுதிட்டாங்க!"

வெல்செவ் அவளை ஆச்சரியமாகப் பார்த்தார். "சம்பளத்தைக் கூட்டலாமா?"

"கூட்டறதுக்கு முன்னாடி குடுக்கணும்."

ஷ்தர்கெலோவ் ரொட்டிக்கடை வாசலில், பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட சூடான பானித்சாவைக் காகிதத்தில் சுற்றித் தின்றுகொண்டிருந்தார். மெலிந்த கால்கள், நீண்ட மூக்கு. பார்த்தவுடனே ஸ்னெஜா வெல்செவின் விலாவில் இடித்தாள்.

"கடிதமா? நானா?" என்றார் அவர். "கேட்டுக்கு வெளியவே கூடையை வெச்சுட்டு வந்துடணும். மூணு வருஷமா உள்ள காலே வெச்சதில்லம்மா. அதுவும் அக்டோபர்லயா? மாசம் பூரா நான் குடலிறக்க ஆபரேஷன் பண்ணிட்டுக் கெடந்தேன். தையலைக் காட்டவா?"

"வேணாம்," என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

அவர் காட்டிவிட்டார்.

மணி பன்னிரண்டு. கையில் இருந்த ஒரே துப்பும் போய்விட்டது. நேராக விடுதிக்கே போய் ஜிவ்காவைக் கேட்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

விடுதி வாசலில் கைபேசிகளை வாங்கி ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டார்கள். காவலாளி அவர்களைப் பார்வையாளர் அறைக்கு அழைத்துப் போய் உட்காரவைத்தான். வெளியே போகும்போது கதவின் கைப்பிடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். கதவு மூடிய பிறகு, கைப்பிடி இருந்த இடத்தில் ஒரு சதுர ஓட்டை மட்டும் தெரிந்தது.

"உள்பக்கம் கைப்பிடியே கிடையாதா?" என்றாள் ஸ்னெஜா. அவள் குரல் லேசாக இறங்கியிருந்தது.

"எந்தக் கதவுக்கும் கிடையாது," என்றது ஒரு குரல். காலையில் ரயில் நிலையத்தில் கேட்ட அதே குரல்.

ஜிவ்கா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். நரைத்த முடியை இழுத்துக் கட்டியிருந்தார். மூன்று வருடமாக யாரோ ஒருவர் திறந்துவிட்டால்தான் அடுத்த அறைக்குப் போக முடியும் என்று வாழ்ந்தவர். இரண்டு பேரையும் அளந்து பார்த்தார்.

வெல்செவ் வாசலையும் ரயில் நிலையத்தையும் பற்றிச் சொன்னார். ஜிவ்காவின் கண்கள் நிறைந்தன.

"கோவமா சொன்னா 'ஆவேசம்'னு எழுதறாங்க. சும்மா இருந்தா 'மந்தம்'னு எழுதறாங்க. சிரிச்சா 'காரணமில்லாச் சிரிப்பு'. மூணு வருஷத்துல நீங்கதான் முதல் தடவையா போய்ப் பாத்துட்டு வந்திருக்கீங்க."

"அந்த நாரை, அத்தை?" என்று மெதுவாகக் கேட்டாள் ஸ்னெஜா.

ஜிவ்கா கதவைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நாரையாவது ஒண்ணாவது. நானா கட்டி விட்ட கதை."

வெல்செவ் நாற்காலியை முன்னால் இழுத்தார். "அப்ப யார் எடுத்துட்டுப் போனது?"

"சொல்ல மாட்டேன்."

"அத்தை, இன்னிக்கு ரெண்டு மணிக்கு..."

"தெரியும். சொன்னா அந்த ஆளோட வேலை போயிடும். இங்க என்னைத் தவிர பதினெட்டு பேர் இருக்காங்க. அவங்க எல்லாரோட கடிதமும் அதே கைலதான் போகுது. என் ஒருத்திக்காக அதை அடைக்கச் சொல்றீங்களா?"

"நாரைன்னு சொன்னா பைத்தியம்னு தீர்ப்பாகும்," என்றார் வெல்செவ். "நாரை இல்லன்னு சொன்னா, யாருன்னு கேப்பாங்க."

"ரெண்டு பக்கமும் சுவர்," என்றார் ஜிவ்கா. "பழகிப்போச்சு. போகலன்னா இங்கயே இருந்துட்டுப் போறேன். ஆனா பேரைச் சொல்ல மாட்டேன்."

கதவு திறந்தது. விடுதி மேலாளர் தஷேவா அம்மாள், இறுக்கமான சிரிப்போடு உள்ளே வந்து ஜிவ்காவை வண்டியில் ஏற்ற அழைத்துப்போனார். வெல்செவ் எழுந்திருப்பதற்குள் கதவு மூடிக்கொண்டது.

"ஏங்க! நாங்களும் போகணும்!" ஸ்னெஜா கதவைத் தட்டினாள்.

"கைப்பிடி வெச்சிருக்கறவர் சாப்பிடப் போயிருக்காருங்க," என்றது வெளியிலிருந்து தஷேவாவின் குரல். "வந்துடுவார்." காலடிச் சத்தம் தேய்ந்தது.

பத்து நிமிடம் போனது. இருபது நிமிடம் போனது. ஜன்னலில் கம்பி. வெளியே ஜிவ்காவை ஏற்றிய வண்டி கிளம்பிப் போவது தெரிந்தது. ஸ்னெஜா சதுர ஓட்டைக்குள் கார் சாவியை விட்டுத் திருகினாள். பேனாவை விட்டாள். பேனா உடைந்தது. கதவை உதைத்தாள். கதவுக்கு ஒன்றும் ஆகவில்லை.

"பாஸ், நான் முப்பது நிமிஷத்துக்கே கத்த ஆரம்பிச்சுட்டேன். அவங்க மூணு வருஷம் எப்படி..."

 கோபத்தை எங்கே காட்டுவது என்று தெரியாமல், சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பை மேலாளரின் குரலிலேயே படித்துக் காட்டத் தொடங்கினாள்.

"'ஊழியர்கள் கவனத்துக்கு! இங்கு தங்கியிருப்பவர்களின் கடிதங்களை வெளியே எடுத்துச் செல்லும் ஊழியர் அன்றே பணிநீக்கம் செய்யப்படுவார்! அக்டோபர் பதினான்கு!'"

"என்ன தேதி?"

"அக்டோபர் பதினாலு."

வெல்செவ் கோப்பைப் பரபரவென்று புரட்டினார். நீதிமன்றத்துக்குக் கொடுத்திருந்த நர்சுகளின் தினக் குறிப்பு நகல் அதில் இருந்தது. விரல் ஒரு வரியில் நின்றது. "'அக்டோபர் பதினாலு, மாலை. கடிதத்தை யார் கொண்டுபோனது என்று மேலாளர் கேட்டார். நாரை என்று நோயாளி முதன்முறையாகச் சொன்னார்.' முதன்முறையா, ஸ்னெஜா! அன்னிக்குத்தான் அறிவிப்பு. சாயங்காலம் நாரை."

ஸ்னெஜா வாயைப் பிளந்தாள்.

"அதுக்கு முன்னாடி மூணு வருஷக் குறிப்புல நாரையே இல்ல. பின்னாடியும் மேலாளர்கிட்ட, போயான்கிட்ட, நிபுணர்கிட்ட மட்டும்தான் சொல்லியிருக்காங்க. நோய் வந்து பிறந்த நாரை அறிவிப்புப் பலகையைப் படிச்சுட்டா வரும்?"

ஸ்னெஜா அறிவிப்பை நான்கு மூலையிலும் நகத்தால் கிளப்பி உரித்தெடுத்துக் கோட்டுக்குள் வைத்தாள்.

"அது திருட்டு."

"எல்லாரும் படிக்கணும்னுதானே பாஸ் ஒட்டினாங்க? நீதிபதியும் படிக்கட்டும்."

ஆனால் மணி ஒன்று நாற்பது. கதவு மூடியே இருந்தது.

அப்போது வெளியே சக்கரம் உருளும் சத்தம் கேட்டது. கதவு திறந்தது. துணி வண்டியைத் தள்ளிக்கொண்டு பருத்த உடம்புக்காரி ஒருத்தி நின்றாள். சலவைக்காரி. ஏப்ரன் பையிலிருந்து ஒரு கைப்பிடி எட்டிப் பார்த்தது. சட்டையில் 'செவ்தா' என்று பெயர் தைத்திருந்தது.

"தரை துடைக்கணும்," என்றாள் அவள், யாரையும் பார்க்காமல். "வெளிய போங்க."

அவளிடம் துடைப்பமும் இல்லை, வாளியும் இல்லை. வண்டியில் இஸ்திரி போட்ட விரிப்புகள் கத்தி மடிப்பில் அடுக்கியிருந்தன. நான்காக மடித்துத் தட்டையாக்கிய அந்தக் கடிதத்தை வெல்செவ் நினைத்தார். ஸ்னெஜாவும் நினைத்தாள். அவள் பேசுவதற்குள் வெல்செவ் அவள் காலை நன்றாக மிதித்தார்.

"நன்றிம்மா," என்றார். "தரை ரொம்ப அழுக்கு."

டப்பாவிலிருந்து கைபேசிகளை அள்ளிக்கொண்டு நீதிமன்றத்துக்குள் அவர்கள் மூச்சிரைக்க நுழைந்தபோது மணி இரண்டு பத்து. நீதிபதி பெத்கோவா கண்ணாடிக்கு மேலாக இலியேவாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். "உங்க சாட்சியங்கள் எங்கே, வக்கீலம்மா?"

ஸ்னெஜா கைபேசியில் வாசலில்லா வீட்டின் படங்களையும், நிலைய அலுவலர் எழுதிக் கொடுத்த காகிதத்தையும், உரித்தெடுத்த அறிவிப்பையும் மேசையில் வைத்தாள். வெல்செவ் இலியேவாவின் காதில் நான்கே வாக்கியம் சொன்னார். அதில் செவ்தாவின் பெயர் இல்லை.

இலியேவா எழுந்தாள். வாசல் விவகாரத்தில் போயானின் கழுத்து சிவந்தது. ரயில் நிலையம் வந்ததும் நீதிபதி நிபுணரைக் கேட்டார்: "நீங்க விசாரிச்சீங்களா?"

"நம்பிக்கையை மதிப்பிடறதுதான் என் வேலை. ரயில் நிலையத்துக்குப் போறது இல்ல," என்றார் நிபுணர்.

"ஒரு நம்பிக்கை பொய்யான்னு தெரியாம எப்படி மதிப்பிட்டீங்க?"

நிபுணர் தன் அறிக்கையைப் புரட்டினார். ஆனால் நீதிபதியும் இளகிவிடவில்லை. "ரெண்டு சரி. மூணாவது நிச்சயமா உண்மையா இருக்க முடியாது." அவர் ஜிவ்கா பக்கம் திரும்பினார். "உங்க கடிதத்தை நாரை எடுத்துட்டுப் போச்சா?"

 ஜிவ்கா எழுந்து நின்றார்.   எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்.

இலியேவா குறுக்கிட்டாள். "ஒரே ஒரு கேள்வியை நான் முதல்ல கேக்க அனுமதிக்கணும். அம்மா, நம்ம ஊர்லேர்ந்து நாரை எல்லாம் எப்பப் போகும்?"

"ஆகஸ்டு கடைசி."

"அப்ப அக்டோபர்ல?"

"ஒண்ணுகூட இருக்காது," என்றார் ஜிவ்கா. குரல் திடீரென்று ரயில் நிலையக் குரலாக நிமிர்ந்தது. "அதனாலதான் நாரைன்னு சொன்னேன். ஊர்லயே இல்லாததை யாரும் வேலையை விட்டுத் தூக்க முடியாதே."

போயான் துள்ளி எழுந்தான். "பாத்தீங்களா! பொய்! அவங்க வாயாலயே ஒத்துக்கறாங்க! ஆரம்பத்துலேர்ந்தே தெரிஞ்சேதான் பொய் சொல்லியிருக்காங்க!"

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். "கொஞ்சம் மெதுவா. திரும்பச் சொல்லுங்க. தெரிஞ்சேதான்?"

"ஆமா! தெரிஞ்சே!"

"எழுதிக்குங்க," என்றார் நீதிபதி, எழுத்தரிடம். "நோயாளிக்கு அது பொய்னு தெரியும்ங்கறதைக் காப்பாளரே ஒப்புக்கொள்கிறார். அப்படின்னா அது நம்பிக்கை இல்ல."

போயான் மெதுவாக உட்கார்ந்தான். ஸ்னெஜா இருமலை வரவழைத்துச் சிரிப்பை மறைத்தாள். நிபுணர் தன் அறிக்கையைப் பையில் வைக்கத் தொடங்கினார்.

"யார் கொண்டுபோனதுன்னு நான் கேட்டா?" என்றார் நீதிபதி.

"சொல்ல மாட்டேன்," என்றார் ஜிவ்கா.

"எவ்வளவு நாளா இந்த ரகசியத்தை வெச்சிருக்கீங்க?"

"அஞ்சு வாரம். மேலாளர் கேட்டாங்க, இவன் கேட்டான், டாக்டர் கேட்டார். சாப்பாட்டைக்கூட நிறுத்திப் பாத்தாங்க."

"இந்த வழக்குக்கு அந்தப் பேர் தேவையில்ல," என்றார் நீதிபதி. "தன் காரியத்தைப் பாத்துக்கத் தெரியுமான்னுதான் சட்டம் கேக்குது. நீங்க அடுத்தவங்க காரியத்தையும் சேத்துப் பாத்திருக்கீங்க." வீட்டு விற்பனைக்கும் இடமாற்றத்துக்கும் அங்கேயே தடை போட்டார். தீர்ப்பு மூன்று வாரம் கழித்து எழுத்தில் வரும் என்றார்.

அந்த மூன்று வாரமும் ஜிவ்கா விடுதியில்தான் இருக்க வேண்டும். நீதிமன்ற வாசலில் அவரை வண்டியில் ஏற்றினார்கள். ஸ்னெஜா அழுதாள். "இன்னும் மூணு வாரம் அந்த ஓட்டைக் கதவுக்குள்ளயா?"

"எண்ணிக்கிட்டு இருக்க இப்ப ஒரு தேதி இருக்குல்ல," என்றார் ஜிவ்கா. வண்டிக் கதவு வெளிப்பக்கமாகச் சாத்தப்பட்டது.

தீர்ப்பு டிசம்பரில் வந்தது. காப்பாளர் நியமனம் ரத்து. வீடும் கையெழுத்தும் திரும்பக் கிடைத்தன. போயான் பலகையைக் கழற்றிக்கொண்டு ஊரை விட்டே போனான்.

வீடு திரும்பிய முதல் ஞாயிற்றுக்கிழமை ஜிவ்கா எங்கே போகச் சொன்னாரோ அங்கே ஸ்னெஜா காரை ஓட்டினாள். எதுவும் பேசவில்லை. அவளுக்கே அது ஆச்சரியமாக இருந்தது. விடுதி வாசலில் காவலாளி எழுந்து நின்றுவிட்டான்.

"பார்வையாளர் நேரம் அஞ்சு மணி வரைக்கும்தானே?" என்று கேட்டார் ஜிவ்கா.

"ஆமாம்மா. யாரைப் பாக்கணும்?"

"எல்லாரையும்."

அவன் பதிவேட்டைத் திருப்பிப் பார்த்தான். "எல்லாரும்னு எழுத முடியாதும்மா. ஒரு வரிக்கு ஒரு பேர்தான். அதுதான் விதி."

"விதின்னா விதி," என்றார் ஜிவ்கா. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பேனாவின் மூடியைத் திறந்தார். பதினெட்டுப் பெயர்களையும் ஒவ்வொன்றாக எழுதி, ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் தன் கையெழுத்தைப் போடத் தொடங்கினார்.